கொல்லிமலை இறக்கத்தில் கைவிட்ட பிரேக்

நாமக்கல்லில் டீ குடித்துவிட்டுப் பதினோரு பைக்குகளாகக் கிளம்பினோம். காரவள்ளி அடிவாரத்திலிருந்து கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறும்போது தொல்லையே இல்லை. இறங்கும்போதுதான் வினை.

முன்னால் போனவர்களை விட்டுவிடக் கூடாதென்று மூன்றாவது கியரிலேயே, பின் பிரேக்கில் காலை வைத்தபடியே வந்தேன். பாதி மலையில் ஒரு வளைவுக்கு முன் மிதித்தால், பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகிறது; வண்டி நிற்கவில்லை. முன் பிரேக்கைப் பிடித்து, கியரைக் குறைத்து எப்படியோ ஓரங்கட்டினேன். சக்கரத்தோடு சுழலும் பிரேக் தகடான டிஸ்க் நீலம் பாரித்திருந்தது. கருகிய வாடை. தண்ணீர் பாட்டிலைத் திறந்தேன். கடைசியாக வந்த அண்ணன், "ஊத்தாதப்பா, டிஸ்க் வளைஞ்சிரும்" என்று தடுத்தார். அரை மணி நேரம் குரங்குகளிடமிருந்து பிஸ்கட்டைக் காப்பாற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆறியதும் பெடல் தானாக இறுகிவிட்டது!

மறுநாள் மெக்கானிக் மூடியைத் திறந்தால், பிரேக் ஆயில் காபி டிகாஷன் நிறம். மூன்று வருடமாக மாற்றவில்லை, என் தப்புதான். டாட் 4 ரக பிரேக் ஆயில் புதிதாக இருந்தால் 230 டிகிரி வரையாவது கொதிக்காது. ஈரத்தை உறிஞ்சியபின் 155 டிகிரியிலேயே கொதிக்கலாம். பிரேக் சூட்டில் அப்படிக் கொதித்து வந்த ஆவிக் குமிழைத்தான் என் கால் அமுக்கிக்கொண்டிருந்திருக்கிறது. பழைய ஆயிலை முழுக்க வெளியேற்றி, குழாயில் இருந்த காற்றை எடுத்து, டிஸ்க்கை அழுத்திப் பிடிக்கும் பிரேக் பேட்களையும் மாற்றினோம்.

அடுத்த முறை அதே மலையை இரண்டாவது கியரில், வளைவுக்கு முன் மட்டும் பிரேக்கைத் தொட்டு இறங்கினேன். பெடல் கடைசிவரை கல் மாதிரி இருந்தது. அடிவார டீக்கடைக்குக் கடைசி ஆள் நான்தான், வடை தீர்ந்திருந்தது.