சிறப்பு மருத்துவரிடம் கேட்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

"என் டிஎஸ்எச் 7.2. மாத்திரை சாப்பிட வேண்டுமா டாக்டர்?"

தைராய்டு பார்க்கும் மருத்துவர்களிடம் அடிக்கடி வரும் கேள்வி இது. டிஎஸ்எச் என்பது தைராய்டைச் சுரக்கத் தூண்டும் ஹார்மோன்; ரத்தத்தில் அதன் அளவுதான் இந்த எண். தெளிவாகத்தான் தெரிகிறது. ஆனால் இதை மட்டும் வைத்துக்கொண்டு எந்த நிபுணராலும் பொறுப்பான பதில் சொல்ல முடியாது. கேட்பவர் கர்ப்பிணியா? அப்படியென்றால் தாமதிக்காமல் சிகிச்சை தொடங்க வேண்டியிருக்கும். எண்பது வயதுக்காரரா? டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) சரியாக இருந்து, தொந்தரவும் இல்லையென்றால், சில மாதம் கழித்து இன்னொரு முறை சோதித்துப் பார்க்கலாம் என்பார். ஏற்கெனவே மாத்திரை எடுப்பவரா? அப்போது அளவு போதவில்லையா, அல்லது மாத்திரை உடலில் சரியாகச் சேரவில்லையா என்று பார்க்க வேண்டும். மாத்திரை தொடங்கி 2 வாரம்தான் ஆகிறது என்றால் சோதனை செய்ததே சீக்கிரம். 6 முதல் 8 வாரம் போனால்தான் அந்த எண்ணை நம்பலாம்.

ஒரே எண்ணுக்கு நான்கு பதில்கள், நான்கும் சரி. எண்ணை மட்டும் சொல்லி ஆளைச் சொல்லாமல் விடுவதுதான் முதல் தவறு. வயது, கர்ப்பமா, பாலூட்டுகிறாரா, தொந்தரவு எப்போது தொடங்கியது, வேறு என்ன நோய்கள் இருக்கின்றன, எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, பழைய சோதனை முடிவுகள் என்ன: இவ்வளவும் நான்கைந்து வரிகளில் அடங்கிவிடும். அந்த வரிகள் இல்லாமல் கேட்டால் கிடைப்பது பொதுப்படையான பதில். அது உங்களுக்குப் பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம்.

சொல்லாமல் விடும் மருந்துகள்

என்னைக் கேட்டால், எல்லாத் தவறுகளிலும் அதிக விலை கொடுக்க வைப்பது இதுதான். "வேற ஏதாவது மருந்து எடுக்கிறீங்களா?" என்று மருத்துவர் கேட்பார். "இல்லை" என்று பதில் வரும். பொய் சொல்ல வேண்டும் என்று யாரும் நினைப்பதில்லை. இன்னொரு மருத்துவர் சீட்டில் எழுதிக் கொடுத்தது மட்டும்தான் மருந்து என்று நினைத்துக்கொள்கிறோம். கடையில் நாமே வாங்கும் வலி மாத்திரை, முடி வளர எடுக்கும் சத்து மாத்திரை, மூலிகைப் பொடி, கருத்தடை மாத்திரை, கண் சொட்டு மருந்து எதுவும் அந்தக் கணக்கில் வருவதில்லை.

முடி, நகம் வளர்ச்சிக்கென்று விற்கும் மாத்திரைகள் பலவற்றில் பயோட்டின் என்ற வைட்டமின் அதிக அளவில் இருக்கும். அது சில ரத்தப் பரிசோதனை முறைகளையே குழப்பிவிடும். நன்றாக வேலை செய்யும் தைராய்டு, அளவுக்கு மீறிச் சுரப்பது போல முடிவு வரலாம். மாரடைப்பைக் கண்டறியப் பார்க்கும் டிரோபோனின் அளவு, உண்மையில் இருப்பதைவிடக் குறைவாகக் காட்டலாம். அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2017-ல் இதைப் பற்றி எச்சரிக்கையே வெளியிட்டது. இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளும் அப்படித்தான்: தைராய்டு மாத்திரையோடு சேர்த்து விழுங்கினால், தைராய்டு மாத்திரை உடலில் சேர்வதைத் தடுக்கும். இரண்டுக்கும் நடுவே 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். இது தெரியாமல் "மாத்திரை வேலை செய்யலை" என்று போய்ச் சொன்னால், தேவையில்லாமல் அளவு கூட்டப்படும்.

கிளாக்கோமாவுக்கு (கண் அழுத்த நோய்க்கு) கண்ணில் விடும் டிமோலால் சொட்டு மருந்து ஆஸ்துமா உள்ளவருக்கு மூச்சுத் திணறலை வரவழைக்கலாம். கண்ணில் விட்டதை நுரையீரல் மருத்துவரிடம் சொல்லத் தோன்றாதது இயல்புதான். ஆனாலும் சொல்ல வேண்டும். ஐபுபுரூஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் ரத்த அழுத்தத்தை ஏற்றும். சில ரத்த அழுத்த மருந்துகளோடு சேரும்போது சிறுநீரகத்தையும் பாதிக்கும். காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை, சளிக்கு ஒரு மாத்திரை என்று எடுக்கும்போது இரண்டிலும் பாராசிட்டமால் இருக்கலாம். ஆரோக்கியமான பெரியவருக்கே ஒரு நாளைக்கு உச்சவரம்பு 4 கிராம்தான். கல்லீரல் பாதிப்பு உள்ளவருக்கு, மிக மெலிந்தவருக்கு அதைவிடக் குறைவு.

நினைவை நம்ப வேண்டாம். வீட்டில் இருக்கும் அட்டைகள், புட்டிகள் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி, பெயரும் மில்லிகிராம் அளவும் தெரியும்படி போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மது, புகை பற்றியும் மறைக்காமல் சொல்லுங்கள். மயக்க மருந்து கொடுப்பவர் அதைக் கேட்பது உங்களை எடைபோட அல்ல, எதற்கெல்லாம் தயாராக இருக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள.

நோயின் பெயரோடு போவது

"எனக்கு சைனஸ் தலைவலி", "இது வெறும் கேஸ்" என்று முடிவோடு தொடங்கினால் பேச்சு அந்தத் தடத்திலேயே போய்விடும். சைனஸ் என்று பலர் நம்பிக்கொண்டிருக்கும் தலைவலி, விசாரித்துப் பார்த்தால் மைக்ரேனாக (ஒற்றைத் தலைவலியாக) இருப்பது சகஜம். பெயருக்குப் பதிலாக என்ன நடக்கிறது என்பதைச் சொல்லுங்கள். தலைசுற்றல் என்ற ஒரே சொல்லுக்குள் எத்தனை விஷயம் இருக்கிறது! படுக்கையில் திரும்பிப் படுக்கும்போது அறையே சில நொடி சுழல்கிறதா? அது பெரும்பாலும் உள்காது சம்பந்தப்பட்டது. எழுந்து நிற்கும்போது கண் இருட்டுகிறதா? ரத்த அழுத்தம் இறங்குவதாக இருக்கலாம். நடக்கும்போது மட்டும் தள்ளாட்டமா? அது வேறு. மூன்றுக்கும் போக வேண்டிய மருத்துவர்கூட ஒருவராக இல்லாமல் போகலாம்.

அறிக்கையில் உள்ள சொல்லைப் பார்த்து மிரள்வது

முதுகுவலிக்கு எம்ஆர்ஐ எடுத்தவர் கையில் "டிஸ்க் தேய்மானம்", "டிஸ்க் புடைப்பு" என்று எழுதிய தாள் இருக்கும். டிஸ்க் என்பது முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை போல இருக்கும் தட்டு. அடுத்த கேள்வி அறுவை சிகிச்சையைப் பற்றித்தான் இருக்கும். முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் ஸ்கேன் முடிவுகளைத் தொகுத்து 2015-ல் ஓர் ஆய்வு வெளியானது. அதன்படி வலி இல்லாத 20 வயதுக்காரர்களிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் தெரிந்தது. 80 வயதில் 96 சதவீதம். வயதானால் முடி நரைப்பது போல முதுகெலும்பிலும் மாற்றம் வருகிறது. ஆகவே நிபுணரிடம் கேட்க வேண்டியது, "இதில் எழுதியிருப்பது என் வலியோடு ஒத்துப்போகிறதா?" என்பது. வலது காலில் வலி இருக்க, ஸ்கேனில் இடது பக்க நரம்பு அழுத்தப்பட்டிருந்தால் இரண்டுக்கும் தொடர்பு இருக்க வாய்ப்பு குறைவு. ஆனால் சிறுநீர் வராமல் அடைத்துக்கொண்டாலோ, தொடை இடுக்கு மரத்துப்போனாலோ, கால் வலுவிழந்தாலோ கேள்வி கேட்டுக்கொண்டிருக்க நேரமில்லை, உடனே போக வேண்டும்.

ரத்தப் பரிசோதனைத் தாளில் தடித்த எழுத்தில் வரும் எண்களும் இப்படித்தான். இயல்பு வரம்பு என்பது பெரும்பாலும் ஆரோக்கியமானவர்களில் 95 சதவீதம் பேர் அடங்கும் எல்லை. ஒன்றையொன்று சாராத 20 சோதனைகளைச் சேர்த்துச் செய்தால், நன்றாக இருப்பவருக்கும் ஏதாவது ஒன்று எல்லை தாண்ட 64 சதவீத வாய்ப்பு உண்டு.

சதவீதத்தைக் கேட்டுப் பயப்படுவது, அல்லது மயங்குவது

1995 அக்டோபரில் பிரிட்டனில், புதிய வகைக் கருத்தடை மாத்திரைகள் ரத்தம் உறையும் ஆபத்தை இரட்டிப்பாக்குகின்றன என்ற எச்சரிக்கை வெளியானது. 100 சதவீதம் அதிகம்! பெண்கள் பயந்துபோய் மாத்திரையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் கருக்கலைப்புகள் சுமார் 13,000 கூடியதாக மதிப்பிடப்பட்டது. உண்மையில் 7,000 பேரில் ஒருவருக்கு இருந்த ஆபத்து, 7,000 பேரில் இருவருக்கு என்று ஆகியிருந்தது. கர்ப்பத்தில் ரத்தம் உறையும் ஆபத்து அதைவிட அதிகம் என்பதுதான் இதில் மனசை வருத்தும் விஷயம்.

மருந்தின் நன்மையைச் சொல்லும்போதும் இதே கணக்குத்தான். "பாதியாகக் குறைக்கும்" என்றால் 100-ல் 20 பேர் 10 ஆகலாம், 2 பேர் 1 ஆகலாம். அதனால் இப்படிக் கேளுங்கள்: "என்னைப் போன்ற 100 பேர் இந்த மருந்தை எடுக்காவிட்டால் எத்தனை பேருக்குப் பாதிப்பு வரும், எடுத்தால் எத்தனை பேருக்கு வரும்?" கூடவே, "இப்போதைக்கு ஒன்றும் செய்யாமல் கவனித்து வந்தால் என்ன ஆகும்?" என்பதையும். நல்ல நிபுணர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

புற்றுநோயில் சொல்லப்படும் கால அளவையும் தப்பாகவே புரிந்துகொள்கிறோம். "5 ஆண்டு பிழைப்பு விகிதம்" என்றால் 5 ஆண்டுதான் ஆயுள் என்று அர்த்தமில்லை. கண்டறிந்து 5 ஆண்டு கழித்தும் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்ற கணக்கு அது. "இடைநிலை 8 மாதம்" என்றால் பாதிப் பேர் அதைத் தாண்டியும் வாழ்கிறார்கள். உயிரியல் அறிஞர் ஸ்டீபன் ஜே கூல்டுக்கு 1982-ல் வந்த புற்றுநோயின் இடைநிலைக் காலம் 8 மாதம்தான். அவர் 2002 வரை வாழ்ந்தார்.

சரியானதும் நிறுத்துவது

"பிரஷர் நார்மல் ஆயிடுச்சு, மாத்திரையை விட்டுட்டேன்." நார்மல் ஆனதே மாத்திரையால்தான். உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது என்பதால், உடம்பு நன்றாக இருப்பதை வைத்து முடிவெடுக்க முடியாது. ஆஸ்துமாவுக்குத் தினமும் இழுக்கும் தடுப்பு இன்ஹேலரும் அப்படியே. நீண்ட நாள் எடுத்த ஸ்டீராய்டு மாத்திரையைத் திடீரென்று விட்டால், உடல் தானாகச் சுரக்க வேண்டியது சுரக்காமல் உயிருக்கே ஆபத்தாகும். இதய ரத்தக் குழாய் அடைப்புக்கு ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைத்தவர்கள், பல் பிடுங்கப் போகிறோம் என்று ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரையைத் தாங்களே நிறுத்தக் கூடாது. இதய மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான். "எப்போது குறைக்கலாம், எப்படிக் குறைக்கலாம்?" என்பது முற்றிலும் நியாயமான கேள்வி, அதை மருந்து தொடங்கும் அன்றே கேட்கலாம்.

தலையாட்டிவிட்டு வெளியே வருவது

மருத்துவர்கள் சொல்வதில் 40 முதல் 80 சதவீதம் உடனே மறந்துவிடுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. கூட ஒருவரை அழைத்துப் போங்கள், ஆனால் தொந்தரவைப் பற்றி நோயாளியே பேசட்டும். கிளம்பும் முன் புரிந்துகொண்டதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். அப்புறம், அடுத்த தேதிக்கு முன்பே எந்த அறிகுறி வந்தால் வர வேண்டும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

பதிலுக்குக் காத்திருக்கக் கூடாத நேரங்கள்

நெஞ்சில் அழுத்தும் வலி, திடீரென்று முகம் கோணுவது, ஒரு கை தொங்கிவிடுவது, பேச்சு குழறுவது. இவற்றுக்கு எந்த நிபுணரிடமும் செய்தி அனுப்பிவிட்டுக் காத்திருக்கக் கூடாது. ஆம்புலன்ஸை அழைத்து, அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக 4.5 மணி நேரத்துக்குள் போட வேண்டும். அது அறிகுறியை நாம் கவனித்த நேரத்திலிருந்து எண்ணுவதில்லை, அவர் கடைசியாக நன்றாக இருந்த நேரத்திலிருந்து எண்ணுவது. அந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு போங்கள். வழியில் ஆஸ்பிரின் கொடுக்க வேண்டாம். அடைப்பா, ரத்தக் கசிவா என்பது ஸ்கேன் எடுத்த பிறகுதான் தெரியும்.