எம்ஓடிக்கு முன் பிரேக் லைட்டை இரண்டு தடவை பாருங்கள்

பிரிட்டனில் பழைய டிரெயில் பைக்கை (சாலையிலும் மண்பாதையிலும் ஓட்டும் மோட்டார் சைக்கிள்) எம்ஓடி எனும் வருடாந்தர வாகனத் தகுதிச் சோதனைக்குக் கொண்டுபோகும் முன், பின்பக்கம் சுவரைப் பார்க்க நிறுத்தி, முன் பிரேக் லீவரை மட்டும் ஒரு தடவை, பின் பிரேக் பெடலை மட்டும் ஒரு தடவை அழுத்துங்கள். இரண்டு தடவையும் சுவரில் சிவப்பு வெளிச்சம் விழ வேண்டும்.

சோதிப்பவர் தனித்தனியாகத்தான் பார்ப்பார். ஒன்றில் எரியாவிட்டாலும் தோல்விதான். லீவருக்கு அடியில் இருக்கும் சின்ன சுவிட்சில் சேறும் பிரஷர் வாஷ் தண்ணீரும் புகுந்து களிம்பு பிடித்துவிடும். பல நேரம் காண்டாக்ட் கிளீனர் (மின் இணைப்பைச் சுத்தம் செய்யும் ஸ்பிரே) அடித்தாலே சரியாகிவிடும். முன்பு வைத்திருந்தவர் சுவிட்சே இல்லாத மோட்டோகிராஸ் பந்தய வண்டியின் மாஸ்டர் சிலிண்டரை (லீவரை அழுத்தும்போது பிரேக் திரவத்தைத் தள்ளும் பாகம்) மாட்டியிருந்தால், அதில் பிரேக் குழாயை இணைக்கும் பான்ஜோ போல்ட்டை எடுத்துவிட்டு பிரஷர் சுவிட்ச் உள்ள போல்ட்டைப் போடலாம். போட்டபின் பிரேக் லைனில் காற்றை முழுக்க எடுத்துவிடுங்கள், அது விளக்கைவிட முக்கியம். பெடல் பக்கம் பெரும்பாலும் சுவிட்சை இழுக்கும் ஸ்பிரிங்கோ அதைச் சரிசெய்யும் நட்டோதான் கோளாறு.

1986 ஏப்ரல் 1-க்கு முன் முதலில் பயன்பாட்டுக்கு வந்த வண்டிக்கு ஒரு பிரேக்கில் எரிந்தால் போதும். முன்பின் விளக்குகளே இல்லாமல் பகலில் மட்டும் ஓடும் வண்டிக்கு இந்தச் சோதனை கிடையாது.