இன்டர்வியூ அழைப்பை மறுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஐடி கம்பெனிகளுக்கு ஆள் எடுப்பது என் வேலை. மெயிலுக்குப் பதில் போடாமல் விடுவது, போனை எடுக்காமல் இருப்பது எல்லாம் தவறு என்று சொல்ல ஆள் தேவையில்லை, அதை விட்டுவிடுவோம். அந்தப் பக்கம் உட்கார்ந்து வேலை தேடிய காலத்தில் நான் செய்த கோணல்களையே இப்போது புதிதாக வருகிற பிள்ளைகளும் அச்சு மாறாமல் செய்கிறார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன்.

'வேண்டாம்' என்பதற்குப் பதிலாக 'வேறு தேதி கொடுங்கள்'

இன்றும் எனக்கு எரிச்சல் வருவது இதில்தான். வர விருப்பமில்லை, சொல்லக் கூச்சம், அதனால் "அடுத்த வாரம் வைக்கலாமா மேடம்?" சொல்பவருக்கு அது மரியாதையாகத் தெரிகிறது. ஆனால் பேனலில், அதாவது கேள்வி கேட்கும் குழுவில், உட்கார இரண்டு சீனியர் இன்ஜினியர்களிடம் ஒரு மணி நேரத்தைக் கெஞ்சி வாங்கியிருப்போம், தேதி மாறினால் திரும்பவும் அவர்கள் மேனேஜரிடம் போய் நிற்க வேண்டும், அந்த ஸ்லாட்டைக் கேட்ட இன்னொருவரிடம் இடமில்லை என்று ஏற்கெனவே சொல்லியாயிற்று.

ஒரு பையன் முதலில் காய்ச்சல் என்றான். அடுத்து வீட்டில் நெட் இல்லை என்றான். மூன்றாம் முறை பேனல் லிங்கில் காத்திருக்கிறது, அவன் போன் ஸ்விட்ச் ஆஃப். அன்று மாலையே லிங்க்ட்இனில் வேறொரு கம்பெனியின் அடையாள அட்டையை மாட்டிக்கொண்டு சிரிக்கிறான். முதலிலேயே சொல்லியிருந்தால் நானும் வாழ்த்தியிருப்பேன்.

நஷ்டம் அவனுக்குத்தான். எங்கள் சிஸ்டத்தில் அவன் பெயருக்கு எதிரே 'நோ ஷோ', அதாவது சொல்லாமல் வராமல் போனவர், என்று ஏறிவிட்டது. ஒழுங்காக மறுத்திருந்தால் 'விலகிக்கொண்டார்' என்று மட்டும் இருந்திருக்கும். அதே மெயில் ஐடியில் பிறகு எப்போது விண்ணப்பித்தாலும் அது கூடவே திறக்கும். ரெக்ரூட்டர்களும் கம்பெனி மாறுகிறவர்கள்தான், போகிற இடத்துக்கு ஞாபகத்தையும் எடுத்துக்கொண்டு போவோம். அவனை ரெஃபர் செய்த நண்பன் எங்கள் ஆபீசிலேயே இருந்தான், பாவம், கேன்டீனில் என்னைப் பார்த்தாலே வேறு பக்கம் திரும்பிவிடுவான்.

நிஜமாகவே தேதி மாற்ற வேண்டியவர் "புதன் 3 மணிக்கு மேல், இல்லையென்றால் வெள்ளி காலை" என்று தானே நேரம் சொல்வார். உங்களுக்கு அப்படி ஒரு நேரம் சொல்ல வாய் வரவில்லையென்றால் உங்களுக்கு வர விருப்பமில்லை, அவ்வளவுதான். "அழைப்புக்கு நன்றி. வேறு இடத்தில் முடிவாகிவிட்டது, வியாழன் இன்டர்வியூவுக்கு வர இயலாது. அந்த நேரத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிடுங்கள்." முந்தைய நாள் மதியத்துக்குள் இது வந்துவிட்டால் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

பாட்டியைச் சாகடிப்பது

வேண்டாம். யாரும் காரணம் கேட்கவில்லை.

கேலண்டரில் மட்டும் மறுப்பது

கேலண்டர் அழைப்பு பெரும்பாலும் ஒரு பொது மெயில் ஐடியிலிருந்து வரும், நீங்கள் 'டிக்லைன்' அழுத்தினால் பதிலும் அங்கேதான் போகும், அதை யாரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதில்லை. உங்களோடு பேசியவருக்குத் தனியாக இரண்டு வரி போடுங்கள்.

இன்மெயிலுக்கு மறுப்பு அனுப்பத் தயங்குவது

இன்மெயில் என்பது லிங்க்ட்இனில் அறிமுகமில்லாதவருக்கும் ரெக்ரூட்டர் தன் கட்டணக் கணக்கில் உள்ள கிரெடிட்டைச் செலவழித்து அனுப்பும் செய்தி. அதற்கு 90 நாளுக்குள் பதில் வந்தால், அது மறுப்பாகவே இருந்தாலும், அந்தக் கிரெடிட் அவருக்குத் திரும்பிவிடும். உங்கள் 'வேண்டாம்' அவருக்கு லாபம்தான்.

சும்மா சம்பளத்தைக் காரணம் காட்டுவது

உண்மையிலேயே சம்பளம்தான் பிரச்சினை என்றால் சொல்லுங்கள், பேசலாம். வாய்க்கு வந்த சாக்காகச் சொன்னால், நாங்கள் மேலே போய் அனுமதி வாங்கி, தொகையை ஏற்றிக்கொண்டு மறுநாளே போன் செய்வோம். அப்புறம் எதைச் சொல்லி மறுப்பீர்கள்?