பவுடர் ஸ்கீ தேர்வு: இடைநிலைக் கற்றவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சமன்செய்த சரிவுகளில் அச்சமின்றி இறங்கவும், இரு ஸ்கீக்களையும், அதாவது பனிச்சறுக்குப் பலகைகளையும், இணையாக வைத்துத் திரும்பவும் பழகிவிட்ட ஒருவரின் மனத்தை அடுத்து இழுப்பது, முழங்கால் அளவுக்குப் புதிதாக விழுந்து கிடக்கும் பவுடர் பனிதான். அந்த ஆசையோடு ஸ்கீ வாங்கப் போகும்போது அவர் செய்யும் தவறுகள் பெரும்பாலும் ஓரிடத்தில்தான் வேர்கொள்கின்றன. ஆண்டில் சில காலைகளில் மட்டுமே கிடைக்கும் அந்தப் பனியை மட்டும் மனத்தில் வைத்து அவர் தேர்ந்தெடுக்கிறார். ஆனால் அதே ஸ்கீயில்தான், பலரும் உழுது போட்ட நண்பகல் பனியிலும், மாலையில் இறுகிப்போன பாதையிலும் இறங்கியாக வேண்டும்.

அகலத்தில்தான் பலர் முதலில் சறுக்குகிறார்கள். ஸ்கீயின் வால் பக்கத்தில் 136-106-124 என்பதுபோல் மூன்று எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். மில்லிமீட்டரில் தரப்படும் இவை முறையே முன்பகுதி, பூட்ஸ் நிற்கும் நடுப்பகுதி, வால் ஆகியவற்றின் அகலங்களாகும். சமன்செய்த சரிவுக்கான ஸ்கீக்களின் நடு அகலம் பொதுவாக 65 முதல் 80 வரை இருக்கும். பவுடர் ஸ்கீ என்று விற்கப்படுபவை ஏறத்தாழ 105-இல் தொடங்கி 120-ஐயும் தாண்டும். புதிய உலர்பனி ஒரு கன மீட்டருக்கு 100 கிலோகூட இருக்காது. தண்ணீரின் அடர்த்தியில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவுதான். எனவே உடல் எடையை அகன்ற பரப்பில் பகிர்ந்தால்தான் மேலே மிதக்க முடியும் என்பது உண்மையே. ஆனால் 180 சென்டிமீட்டர் நீள ஸ்கீயை நுனி முதல் வால்வரை 10 மில்லிமீட்டர் அகலப்படுத்தினாலும் கூடுதலாகக் கிடைப்பது 180 சதுர சென்டிமீட்டர். அதாவது 8 அல்லது 9 விழுக்காடு. அந்தச் சிறிய ஆதாயத்துக்குக் கொடுக்கும் விலை பெரியது. ஸ்கீ அகலமாகும்போது அதன் விளிம்பு பாதத்தின் நடுக்கோட்டிலிருந்து விலகிப்போவதால், இறுகிய பனியில் விளிம்பைப் பதிய வைக்கக் கணுக்காலும் முழங்காலும் அதிகமாக உழைக்க வேண்டும். ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு மாறவும் நேரம் பிடிக்கும். என் மதிப்பீட்டில், ஒரே சோடி ஸ்கீயோடு காலம் தள்ளப்போகும் இடைநிலையாளருக்கு 98 முதல் 108 வரையிலான நடு அகலம் போதும். 115-க்கு மேற்பட்டதை இரண்டாவது சோடியாக வாங்குபவர்களிடம் விட்டுவிடலாம்.

மிதப்பதற்கு அகலத்தைவிட வடிவம் அதிகம் உதவுகிறது என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ஷேன் மெக்காங்கி என்ற அமெரிக்கச் சறுக்கு வீரர் நீர்ச்சறுக்கு ஸ்கீக்களின் வடிவத்திலிருந்து பெற்ற யோசனையின் வழியாக, 2002 வாக்கில் வோலன்ட் நிறுவனத்தின் ஸ்பேட்டுலா என்ற ஸ்கீ உருவானது. முனையும் வாலும் மேல்நோக்கி வளைந்து, நடுப்பகுதியே மிக அகலமாக இருந்த அந்த ஸ்கீ, ஆழ்பனியைப் பற்றிய எண்ணத்தையே மாற்றியது. இன்று ராக்கர் எனப்படும் மேல்வளைவு அந்த வழிவந்ததுதான். முனை முன்னதாகவே மேலெழுவதால் அது பனிக்குள் புதைவதில்லை. கேம்பர் என்பது இதற்கு மாறாக, பாதத்துக்கு அடியில் வில்போல் மேலே தூக்கி நிற்கும் வளைவு. நிற்பவரின் எடையில் அது அமுங்கும்போது விளிம்பு முழு நீளத்துக்கும் பனியைப் பற்றும். கடையில் இரு ஸ்கீக்களின் அடிப்பாகங்களையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பிடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். நடுவில் மெல்லிய இடைவெளி தெரிந்தால் கேம்பர் இருக்கிறது. முனைகள் எந்த இடத்திலிருந்து பிரிந்து விலகுகின்றனவோ அங்கே ராக்கர் தொடங்குகிறது. நடுவில் இடைவெளியே இல்லாமல் இரு புறமும் விரிந்து போகும் முழு ராக்கர் ஸ்கீ, ஆழ்பனியில் எவ்வளவு இனிமையானதோ, இறுகிய பாதையில் அவ்வளவு நிலையற்றது. முனையில் தாராளமான ராக்கர், பாதத்தடியில் கேம்பர், வாலில் சிறிதளவு ராக்கர் என்ற கலவையே இந்த நிலையில் உள்ளவருக்குப் பொருந்தும்.

நீளத்தில் இரண்டு எதிரெதிர்த் தவறுகள் உண்டு. திரும்ப முடியாதோ என்ற அச்சத்தில் மோவாய் அளவுக்குக் குட்டையாக வாங்குபவர், ஆழ்பனியில் முனை அமிழ்ந்து முன்னால் கவிழ்கிறார். தேர்ந்த நண்பரின் பேச்சைக் கேட்டுத் தலைக்கு மேல் 10, 15 சென்டிமீட்டர் நீட்டி வாங்குபவர், மரங்களுக்கு இடையே திரும்ப வழியின்றித் திணறுகிறார். ராக்கர் உள்ள ஸ்கீயில் இறுகிய பனியைத் தொடும் நீளம் எழுதப்பட்டிருக்கும் நீளத்தைவிடக் குறைவு. எனவே தலையுயரத்தை ஒட்டி, சற்றுக் குறைவாகவோ கூடுதலாகவோ எடுக்கத் தயங்க வேண்டியதில்லை. உயரத்தோடு எடையையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும், ஏனெனில் பனி தாங்குவது எடையைத்தான்.

விறைப்பைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். வல்லுநர்களின் காணொளிகளில் வரும் ஸ்கீக்கள் பலவற்றில் டைட்டனால் என்ற அலுமினியக் கலப்புலோகத் தகடுகள் இருக்கும். அவை வேகத்தில் அசையாமல் நிற்கும், ஆனால் மெதுவாகச் செல்பவருக்கு வளைந்து கொடுக்காது. இடைநிலையாளர் ஆழ்பனியைக் கண்டதும் பயத்தில் பின்னோக்கிச் சாய்கிறார். அப்போது விறைத்த வால் அவரைத் திருப்பத்திலிருந்து விடுவிக்காமல் நேராகவே இழுத்துக்கொண்டு போகிறது. தொடைகள் எரியத் தொடங்குவது அங்கேதான். பின்சாய்வு என்பது குறுகிய ஸ்கீக்களின் காலத்துப் பழக்கம். இன்றைய ஸ்கீயில் நடுவில் நின்றாலே முனை தானாக மேலே வரும். ஸ்கீயின் வாலைத் தரையில் ஊன்றி, ஒரு கையால் முனையைப் பிடித்துக்கொண்டு மறு கையால் நடுவில் அழுத்திப் பாருங்கள்: முன்பகுதி இணக்கமாக வளைய வேண்டும், பாதப்பகுதி உறுதியாக நிற்க வேண்டும். அதற்காக, மலையேறிச் சறுக்குவோருக்கென்று செய்யப்பட்ட மிக இலேசான ஸ்கீயை எடுப்பதும் சரியாகாது. உழுது போட்ட பனியில் அது ஒவ்வொரு கட்டியிலும் தூக்கியடிக்கும்.

ஸ்கீக்கே பணம் முழுவதையும் செலவழித்துவிட்டு, பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் பைண்டிங்கில் பழையதையே அதில் பொருத்தச் சொல்வதும் அடிக்கடி நடக்கிறது. கழன்ற ஸ்கீயை ஓடவிடாமல் நிறுத்தும் பைண்டிங்கின் பிரேக், ஸ்கீயின் நடு அகலத்தைவிடக் குறுகியிருந்தால் கீழே இறங்காது. நடு அகலத்தைவிட 15 மில்லிமீட்டருக்கு மேல் அகலமாயிருந்தால் சாயும்போது பனியில் உரசும். பூட்ஸின் அடிப்பாகம் எந்த வகையைச் சேர்ந்தது, அதற்கு அந்தப் பைண்டிங் ஏற்றதா என்பதையும் கேட்டறிய வேண்டும். ஆழ்பனியில் ஸ்கீ ஒருமுறை கழன்று காணாமற்போனதும், விழும்போது பைண்டிங் எவ்வளவு விசையில் பூட்ஸை விட வேண்டும் என்ற விடுவிப்பு அளவைத் தாமே திருகி இறுக்குபவர்களை நினைத்தால் எனக்குக் கவலையாக இருக்கிறது. எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், சறுக்கும் திறன் ஆகியவற்றைக் கொண்டு தொழில்நுட்பர் கணக்கிட்டு வைக்கும் அளவு அது. விழும்போது ஸ்கீ கழலாவிட்டால் முழங்கால்தான் முறுக்குண்ணும். கழன்ற ஸ்கீயைத் தேடியெடுக்க, ஸ்கீயோடு கட்டி, கால்சட்டையின் விளிம்புக்குள் செருகிக்கொள்ளும் நீண்ட வண்ண நாடாக்கள் கிடைக்கின்றன.

நல்ல ஸ்கீ கிடைத்ததும், சறுக்குத் தளத்தின் குறியிட்ட எல்லையைத் தாண்டத் தகுதி வந்துவிட்டதாக எண்ணுவது இவை எல்லாவற்றிலும் ஆபத்தான தவறு. எல்லைக்கு வெளியே பனிச்சரிவு எச்சரிக்கையைப் படித்தறிவதும், பனியில் புதைந்தவரைக் கண்டறிய 457 கிலோஹெர்ட்ஸில் இயங்கும் தேடல் கருவி, ஆய்வுக்கோல், மண்வாரி ஆகியவற்றைக் கையாளும் பயிற்சியும், அவற்றை அறிந்த துணையும் வேண்டும். ஸ்கீயின் அகலம் இவற்றில் எதற்கும் ஈடாகாது.

வாங்குவதற்கு முன் இரண்டு, மூன்று மாதிரிகளையாவது வாடகைக்கு எடுத்து ஓட்டிப் பார்ப்பது நல்லது. அப்படிப் பார்ப்பவர்களும் காலையில் தொடப்படாத பனியில் ஓரிருமுறை இறங்கிவிட்டு முடிவெடுக்கிறார்கள். அந்தப் பனியில் ஏறத்தாழ எல்லா அகன்ற ஸ்கீயும் நன்றாகவே இருக்கும். மதியம் மூன்று மணிக்கு, கால்கள் சோர்ந்த பிறகு, கட்டிகளும் பள்ளங்களுமாகக் கிடக்கும் அதே சரிவில் மீண்டும் இறங்கி, அடிவாரத்துக்குச் செல்லும் இறுகிய பாதையையும் கடந்து பாருங்கள். அங்கே நீங்கள் நினைத்த இடத்தில் திரும்பும் ஸ்கீ எதுவோ, அதை எடுத்துக்கொள்ளுங்கள்.