மே வெயிலில் மாமல்லபுரத்தை வரையப் போகிறீர்களா?

கோடை விடுமுறையில் மாமல்லபுரம் போகும் குடும்பங்கள் டிபன் முடித்து, குளித்து, கிளம்பி, ஸ்கெட்ச் புத்தகத்தைத் திறக்கும்போது மணி பத்தைத் தாண்டிவிடும். அங்கேயே பாதி படம் போச்சு. அர்ச்சுனன் தபசுப் பாறை கிழக்கு பார்த்தது. காலை வெயிலில் யானையின் வயிற்றுக்கடியில் நிழல் கட்டி நிற்கும். மதியத்துக்கு மேல் வெயில் பாறைக்குப் பின்னால் போய்விட, உருவங்கள் எல்லாம் தட்டையாகத் தெரியும். ஏழு மணிக்கே உட்கார்ந்துவிடுங்கள்.

அடுத்தது, தாளை வெயிலில் வைத்துக்கொண்டு வரைவது. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். வெள்ளைத் தாள் கண்ணைக் கூசவைக்கும். போடும் வண்ணமெல்லாம் வெளிறித் தெரியும். மேலே மேலே அடர்த்தியாகப் பூசுவோம். அறைக்கு வந்து பார்த்தால் படம் இருண்டு கிடக்கும். தாளும் வண்ணம் கலக்கும் பேலட்டும் முழு நிழலில் இருக்கவேண்டும். இலைகளுக்கிடையே வெயில் புள்ளி புள்ளியாக விழும் மரத்தடி இன்னும் மோசம். குடை பிடிப்பதானால் வெள்ளையோ சாம்பலோ கறுப்போ இருக்கட்டும். சிவப்புக் குடையின் கீழ் எல்லா நிறமும் பொய்.

வாட்டர்கலர் வெயிலில் தூரிகை நகரும் முன்பே காயும். வானத்தின் நடுவில் கோடு விழுவது அதனால்தான். தேவைக்கு இரண்டு மடங்கு கலவையை முதலிலேயே கரைத்து வையுங்கள். 12ஆம் எண் வட்டத் தூரிகையால் நிறுத்தாமல் இழுங்கள். சின்ன ஸ்ப்ரே பாட்டிலால் பேலட்டை அவ்வப்போது நனையுங்கள். மெல்லிய தாள் நீர் பட்டதும் அலையாக மடியும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) தடித்த தாளில், ஏ5 அளவுக்கு மேல் போகாதீர்கள். கடல் தண்ணீரில் தூரிகை கழுவ வேண்டாம், உப்பு படியும்.

சூரியன் மணிக்கு 15 பாகை நகர்கிறது. முதல் ஐந்து நிமிடத்தில் நிழலின் எல்லையைப் பென்சிலால் குறித்துவிட்டு, பிறகு அது எங்கே போனாலும் துரத்தாதீர்கள். கருங்கல்லுக்குக் கறுப்பு வண்ணம் எடுப்பது இன்னொரு பழக்கதோஷம். அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பும் கலந்தால் உயிருள்ள சாம்பல் கிடைக்கும். நீலம் கூடினால் நிழல், பழுப்பு கூடினால் வெயில் பட்ட பக்கம்.

தலைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெய் கையில் இருக்கும். விரல் பட்ட இடத்தில் வண்ணம் ஒட்டாமல் வெள்ளைத் திட்டாக நிற்கும், பிறகு என்ன செய்தாலும் போகாது. சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, உள்ளங்கைக்குக் கீழே ஒரு துண்டுத் தாளை வைத்துக்கொள்ளுங்கள். வியர்வைக்கும் அதுவே தடுப்பு.

கடற்கரைக் கோயில் தொல்லியல் துறையின் பராமரிப்பில் உள்ளது. கேமரா முக்காலிக்கு அனுமதி கேட்பார்கள், படம் வைக்கும் ஈசல் தாங்கியையும் தடுக்கக்கூடும்; மடியில் அட்டை வைத்து வரைவதே நிம்மதி.

பிள்ளைகளுக்கு 24 நிறப் பெட்டியைக் கொடுத்தால் கலந்து கலந்து சேறுதான் மிஞ்சும். மூன்று நிறமும் ஒரு தூரிகையும் போதும். மெழுகு கிரேயானை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிடாதீர்கள், உருகிச் சீட்டோடு ஒட்டிவிடும். வரையாதவர்களை அரை மணிக்கு மேல் காக்கவைத்தால் அவர்கள் முகம் வாடும், அவசரத்தில் உங்கள் கோடும் வாடும். அவர்களைக் கடற்கரைக்கு அனுப்பிவிட்டு உட்காருங்கள்.