2020 அமெரிக்க வேலையின்மைக் கோரிக்கைத் தரவை எக்செலில் வரைவது எப்படி?

பெருந்தொற்றுக் காலத்தில் அமெரிக்காவில் வாராவாரம் எத்தனை வேலையின்மை உதவித்தொகை விண்ணப்பங்கள் வந்தன என்பதற்கு மூல ஆதாரம், அந்நாட்டுத் தொழிலாளர் துறை வியாழன் காலை 8:30க்கு (கிழக்கு நேரம்) வெளியிடும் அறிக்கைதான். அதிலிருந்து எண்களைக் கையால் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். செயின்ட் லூயிஸ் ஃபெடரல் ரிசர்வ் வங்கியின் ‘ஃப்ரெட்’ (FRED) தரவுத் தளம் போதும், அதே எண்கள் அங்கே கிடைக்கும்.

படி 1: ஃப்ரெட்டில் மூன்று தொடர்களை சிஎஸ்வி கோப்பாக இறக்குங்கள். ஐசிஎஸ்ஏ (ICSA) என்பது பருவத் திருத்தம் (ஆண்டுதோறும் அதே மாதங்களில் வரும் வழக்கமான ஏற்ற இறக்கத்தைக் கழிப்பது) செய்த புதிய விண்ணப்பங்கள். ஐசிஎன்எஸ்ஏ (ICNSA) அதன் திருத்தாத வடிவம். சிசிஎஸ்ஏ (CCSA) என்பது ‘தொடர் கோரிக்கைகள்’, அதாவது ஏற்கெனவே விண்ணப்பித்து வாராவாரம் உதவித்தொகை கோருவோர். 2019 ஜனவரியிலிருந்து எடுங்கள். ஏன் என்பது கீழே வரும்.

படி 2: தேதியை வைத்து இணையுங்கள். ஒவ்வொரு வரிசையின் தேதியும் அந்த வாரம் முடியும் சனிக்கிழமை. ஒரே அறிக்கையில் வரும் தொடர் கோரிக்கை, புதிய விண்ணப்பத்தைவிட ஒரு வாரம் பழையது. கடைசி வரிசைகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினால் தாள் முழுக்க ஒரு வாரம் நழுவிவிடும். தேதியைத் தேடி அதற்குரிய எண்ணை எடுத்துவரும் விலுக்அப் (VLOOKUP) சூத்திரத்தைப் போட்டால் இந்தத் தொல்லை இல்லை.

படி 3: பருவத் திருத்தம். பெரும்பாலோர் சறுக்குவது இங்கேதான்.

2020 மார்ச் 28-இல் முடிந்த வாரத்துக்கு முதலில் வெளியான திருத்தாத எண் 58,23,917. திருத்திய எண் 66,48,000. நடுவில் 8 லட்சம் எங்கிருந்து வந்தது? அப்போது இருந்தது பெருக்கல் முறை. அந்த வாரத்தின் காரணி ஏறக்குறைய 0.876, அசல் எண்ணை அதால் வகுப்பார்கள். சாதாரண நாளில் 2 லட்சம் விண்ணப்பம் வந்தால் அது 2.28 லட்சமாகும், யாருக்கும் உறுத்தாது. 58 லட்சத்தை அதே காரணியால் வகுத்தால், விண்ணப்பிக்காத 8 லட்சம் பேர் கணக்கில் முளைத்துவிடுகிறார்கள். பொதுமுடக்கத்தால் போன வேலைக்கும் பருவத்துக்கும் என்ன சம்பந்தம்?

2020 செப்டம்பர் 3 அறிக்கையிலிருந்து துறை கூட்டல் முறைக்கு (காரணியால் வகுக்காமல், ஒரு எண்ணைக் கூட்டியோ கழித்தோ திருத்துவது) மாறியது. அன்று வந்த 8,81,000-ஐ அதற்கு முந்தைய வாரத்தோடு ஒப்பிட்டவர்கள் ஏமாந்தார்கள். பழைய வாரங்கள் அப்போது மாற்றப்படவில்லை. பிறகு அவையும் திருத்தப்பட்டன. அதனால் இன்று இறக்கும் ஐசிஎஸ்ஏ, அன்றைய செய்தித்தாளோடு பொருந்தாது. உங்கள் தாளில் பிழை தேடி மண்டையை உடைக்க வேண்டாம். அன்று வெளியான எண்ணே வேண்டுமென்றால் ‘ஆல்ஃப்ரெட்’ (ALFRED) தளத்தில் பழைய பதிப்புகள் உண்டு.

என்னைக் கேட்டால், 2020-க்கு ஐசிஎன்எஸ்ஏ மட்டும் போதும். ஒவ்வொரு வாரத்தையும் 52 வரிசைக்கு மேலே உள்ள 2019 வாரத்தால் வகுத்து, எத்தனை மடங்கு என்று பாருங்கள். 2021-க்கு 104 வரிசை மேலே போங்கள். 2020-ஐ அடிப்படையாக வைத்தால் எல்லாமே அற்புத முன்னேற்றமாகத் தெரியும்.

படி 4: செங்குத்து அச்சை மடக்கை அளவுக்கு (log scale: ஒவ்வொரு படியும் முந்தையதைவிடப் பத்து மடங்கு) மாற்றுங்கள். 2020-க்கு முந்தைய உச்சமே 1982 அக்டோபரின் 6,95,000தான். சாதா அளவில் ஒரு ஊசி மட்டும் நிற்கும், மற்றதெல்லாம் தரையோடு ஒட்டிவிடும். நான்கு வார சராசரியை மார்ச் மாதத்துக்குப் போடாதீர்கள். திடீர் ஏற்றத்தைச் சரிவாக மெழுகிவிடும்.

படி 5: புதிய விண்ணப்பங்களைக் கூட்டிக்கொண்டே போகாதீர்கள். 2020 மே 28 அன்று ‘பத்து வாரத்தில் 4 கோடிப் பேர்’ என்று தலைப்புகள் வந்தன. அதே அறிக்கையில் தொடர் கோரிக்கை சுமார் 2.1 கோடி. விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டவர், வேலைக்குத் திரும்பியவர், இரண்டாம் முறை விண்ணப்பித்தவர் எல்லாரும் அந்த 4 கோடிக்குள் இருக்கிறார்கள்.

பிற்சேர்க்கை: சுயதொழில் செய்வோருக்கான ‘பியூஏ’ (PUA) உதவித் திட்டத்தைச் சேர்க்கலாமா? இந்த மூன்று தொடரிலும் அது இல்லை. 2020 மார்ச் 27-இல் கையெழுத்தான கேர்ஸ் சட்டத்தில் வந்த தனித் திட்டம் அது; அதன் தொடர் கோரிக்கை எண்கள் இரண்டு வாரம் பின்தங்கி வந்தன. 2021 செப்டம்பரில் திட்டம் முடிந்துவிட்டது. பல மாநிலங்களில் முதலில் வழக்கமான உதவிக்கு விண்ணப்பித்து மறுக்கப்பட்ட பிறகே இதற்குப் போக முடிந்தது. ஆகவே ஐசிஎன்எஸ்ஏவோடு கூட்டினால் ஒரே ஆள் இருமுறை வருவார். அதன் தொடர் கோரிக்கையோ இன்னும் மோசம்: தேங்கிய ஐந்து வாரத்தை ஒருவர் ஒரே நாளில் கோரினால் ஐந்தாகப் பதிவானது. வரைந்தே ஆக வேண்டுமென்றால் தனித் தாளில், தனிக் கோடாக வையுங்கள்.