காட்டுப்பூனைக் குலங்களை வைத்துச் சிறுவர் நாவல் எழுதுவது எப்படி? முதன்முறை எழுதுவோருக்கான செய்முறை

பேசும் பூனைகளை வைத்து நாவல் எழுத உட்காரும் பலர் முதல் நாளே குலங்களுக்குப் பெயர் வைத்துவிடுகிறார்கள். தலைவனுக்கு முடிசூட்டுகிறார்கள், போருக்கும் நாள் குறித்துவிடுகிறார்கள். பூனை கடைசியில்தான் வருகிறது. பத்துப் பக்கம் தாண்டுவதற்குள் எல்லாரும் வால் முளைத்த மனிதர்களாகிவிடுவார்கள். வீட்டில் பூனை வளர்க்கும் ஒன்பது வயதுப் பிள்ளை இதை நொடியில் கண்டுபிடித்துவிடும். அதனால் இங்கே எதிர்த்திசையில் போகிறோம். முதலில் பூனை, அதன் உடம்பிலிருந்து குலம், குலத்திலிருந்து கதை.

வெறும் அறிவுரையாகச் சொன்னால் பிடிபடாது. ஒரு கதையையே கூடக் கட்டிக்கொண்டு போகலாம். களம் இலங்கையின் வன்னியில் ஒரு பழைய குளம். குளக்கட்டு, தண்ணீர் திறந்துவிடும் துருசு, கட்டோரம் வரிசையாக மருத மரங்கள், அதற்கப்பால் புதர்க்காடு. இலங்கையில் காட்டில் வாழும் பூனைக் குடும்பத்து இனங்கள் நான்கு: சிறுத்தை, மீன்பிடிப் பூனை, காட்டுப்பூனை, துருப்புள்ளிப் பூனை. நாவலுக்கு இவை போதும்.

படி 1: ஏன் கூடி வாழ்கின்றன என்று கேளுங்கள்

இந்த ஒரு படிக்கு ஒரு வாரம் எடுத்துக்கொண்டாலும் தகும். காட்டுப் பூனையினங்களில் ஏறக்குறைய எல்லாமே தனித்து வாழ்பவை. கூட்டமாக வாழ்வதில் பேர்போனது சிங்கம் மட்டும்தான். ஆகவே 'குலம்' என்று எழுதும்போதே இயற்கைக்கு மாறான ஒன்றைச் சொல்கிறீர்கள். அது தவறில்லை, மிகுபுனைவு என்பதே அதுதான். ஆனால் அதற்கு ஒரு காரணம் வேண்டும்.

காரணத்தை மீன்பிடித் துறைமுகத்தில் போய்ப் பாருங்கள். வீட்டுப் பூனை இனமும் தனியாக வேட்டையாடுவதுதான். ஆனால் மீன் கழிவு ஓரிடத்தில் குவிந்து கிடந்தால் அதைச் சுற்றிக் கூட்டமாக வாழத் தொடங்கிவிடும். அந்தக் கூட்டத்தின் நடுவில் இருப்பவர்கள் தாய், அவள் மகள்கள், சகோதரிகள். ஒருத்தியின் குட்டிக்கு இன்னொருத்தி பால் கொடுப்பதும் உண்டு. கடுவன்கள், அதாவது ஆண் பூனைகள், பெரும்பாலும் ஓரமாகச் சுற்றுபவர்கள்.

இரை ஓரிடத்தில் குவிந்தால் பூனைகளும் ஓரிடத்தில் சேரும். நம் கதைக்கு இது போதும். மே மாதத்துக்குப் பிறகு வன்னியில் வெயில் ஏறுகிறது. குளம் சுருங்கிச் சுருங்கி நடுவில் சில குட்டைகளாக நிற்கிறது. மீன்களெல்லாம் அதற்குள். தண்ணீர் குடிக்க வரும் எலியும் பறவையும்கூட அங்கேதான். பிறந்ததிலிருந்து ஒன்றையொன்று தவிர்த்து வந்த பூனைகள் ஒரே கரையில் வந்து நிற்கின்றன. தனித்தனியாக நின்றால் பறிகொடுக்கும், சேர்ந்து நின்றால் காக்கலாம். சிறுத்தையை விட்டுவிட்டு, இனத்துக்கு ஒன்றாக மூன்று குலங்கள் இப்படித்தான் பிறக்கின்றன.

இதிலேயே முடிவும் ஒளிந்திருக்கிறது. ஐப்பசியில் மாரி தொடங்கிக் குளம் நிரம்பினால் குலம் தேவையே இல்லை. அப்போது பிரிவார்களா? இந்தக் கேள்வி கையில் இருந்தால் நடு அத்தியாயங்களில் கதை தடுமாறாது.

படி 2: ஒவ்வொரு இனத்துக்கும் ஓர் உடம்புக் குறிப்பு

இனத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள். குணத்தைப் பற்றி இப்போது எதுவும் எழுதாதீர்கள், உடம்பை மட்டும் எழுதுங்கள்.

மீன்பிடிப் பூனை: கட்டையான உடம்பு, குட்டை வால், விரல்களுக்கிடையே கொஞ்சம் சவ்வு. ஈரம் உள்ளே இறங்காத அடர்ந்த அடிமயிர். ஆண் 10 கிலோவைத் தாண்டும். தண்ணீரில் குதிக்கும், முங்கும், நீந்தும். கொழும்பின் சதுப்பு நிலங்களில்கூட இவை வாழ்கின்றன.

காட்டுப்பூனை: நீண்ட கால்கள், காது நுனியில் சிறு மயிர்க்கொத்து. நாணலும் புதரும் இதன் வீடு. எலி, முயல், பறவை என்று எது அகப்பட்டாலும் பிடிக்கும்.

துருப்புள்ளிப் பூனை: உலகிலேயே மிகச் சிறிய பூனையினங்களில் ஒன்று, எடை ஒன்றிலிருந்து ஒன்றரைக் கிலோ. மரம் ஏறுவதில் கெட்டி. மீன்பிடிப் பூனையின் பக்கத்தில் இதை நிறுத்திப் பாருங்கள். ஒரே குட்டைக்கு இருவரும் உரிமை கேட்டால் என்ன ஆகும்? மோதல் தானாகவே வந்துவிடும், வில்லனைத் தேடி அலைய வேண்டாம்.

சிறுத்தைக்குக் குலம் கொடுக்காதீர்கள், பேச்சும் கொடுக்காதீர்கள். இலங்கைக் காட்டின் உச்ச வேட்டை விலங்கு அது. மற்றப் பூனைகள் அதன் பெயரைக்கூடச் சொல்லாமல் இருக்கட்டும்.

இனி எல்லாருக்கும் பொதுவான புலன்கள். பூனைக்கு இனிப்புச் சுவை தெரியாது. இனிப்பை உணரும் மரபணு பூனைக் குடும்பத்தில் செயலிழந்துவிட்டது. ஆகவே உங்கள் பூனைகள் யாரையும் 'தேனாகப் பேசுகிறாள்' என்று சொல்ல முடியாது, 'சூட்டு ரத்தமாகப் பேசுகிறாள்' என்று சொல்லலாம். சிவப்பு நிறம் அவற்றுக்கு மங்கல். மூக்குக்கு மிக அருகில் இருப்பதைக் கண் தெளிவாகக் காட்டாது, அந்த வேலையை மீசை செய்கிறது. இருட்டில் மட்டும் நம்மைவிடப் பல மடங்கு நன்றாகப் பார்க்கும்.

இந்தக் குறிப்பை வைத்து ஒரே காட்சியை இரண்டு விதமாக எழுதிப் பழகுங்கள். நம் நாயகி அயிரை என்ற மீன்பிடிப் பூனை. முதலில் இப்படி வரும்:

"அயிரை குளத்தைப் பார்த்தாள். தண்ணீர் மிகவும் குறைந்திருந்தது. எதிரிக் குலத்தார் வந்துபோயிருப்பது தெரிந்து அவளுக்குப் பயமாக இருந்தது."

இதில் 'அயிரை' என்ற பெயரை எடுத்துவிட்டு 'ராஜா' என்று போட்டாலும் ஒன்றும் மாறாது. மாற்றி எழுதினால்:

"வெடித்த சேற்றின் மணம் நேற்றைவிடக் கிட்டே வந்திருந்தது. அதற்குள் எங்கோ கெளிற்று மீனின் வாடை. அயிரை மீசையை முன்னே தள்ளி நாணலைத் தொட்டாள். யாரோ கன்னத்தைத் தேய்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். இன்னும் காயவில்லை. காதுகள் தாமாகவே பின்னால் படிந்தன."

'பயம்' என்ற சொல் இதில் இல்லை, காது அதைச் சொல்லிவிட்டது. வாலை நிமிர்த்தி வந்தால் நட்பு, உடம்பை வளைத்து மயிர் சிலிர்த்தால் மிரட்டல். வளர்ந்த பூனைகள் தங்களுக்குள் 'மியாவ்' என்று சொல்லிக்கொள்வது அரிது, அது பெரும்பாலும் குட்டி தாயிடமும் வீட்டுப் பூனை மனிதரிடமும் பேசும் பேச்சு. அதனால் வசனத்தைக் குறைத்து உடம்பைப் பேச விடுங்கள்.

படி 3: மணத்தால் ஒரு வரைபடம்

ஒரு தாளில் குளத்தை வரையுங்கள். கட்டு, துருசு, மருத மரங்கள், குட்டைகள், சிறுத்தை நடக்கும் தடம். எல்லைக்குக் கோடு போட வேண்டாம். எந்த மரத்தில் யார் நகம் கீறினார்கள், எந்தக் கல்லில் யார் கன்னம் தேய்த்தார்கள் என்று புள்ளி வையுங்கள். பூனைக்கு எல்லை என்பது மணம், அது நாளுக்கு நாள் மங்கும், புதுப்பிக்க வேண்டும். காவல் சுற்றுவதற்கு இதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

படி 4: மாயம் ஒன்று போதும்

தொடக்க எழுத்தாளர்கள் மாயத்தை வாரி இறைப்பார்கள். ஒன்றே ஒன்று வையுங்கள், அதையும் பூனையின் உடம்பிலிருந்தே எடுங்கள். பூனை ஒரு மணத்தை ஆழமாக அறிய வாயை லேசாகத் திறந்து மேலுதட்டைச் சுருக்குவதைப் பார்த்திருப்பீர்கள். மேல் அண்ணத்தில் அதற்கென்றே ஓர் உறுப்பு இருக்கிறது. நம் கதையில், குளக்கட்டில் நிற்கும் முதிய மருத மரத்தின் பட்டையில் வாய் திறந்து முகர்ந்தால், முன்பு அதில் கன்னம் தேய்த்தவர்களின் நினைவு கிடைக்கும். செத்துப்போன அம்மம்மாவின் நினைவும் அதில் உண்டு.

மாயத்துக்கு ஒரு விலை வேண்டும். இங்கே அது மழை. மாரி வந்தால் பூனைகள் உயிர் பிழைக்கும், ஆனால் மரத்தில் இருக்கும் நினைவு கழுவப்பட்டுப் போகும். எல்லாரும் மேகத்துக்காகக் காத்திருக்க, அம்மம்மாவை முகர்ந்து முகர்ந்து வளர்ந்த அயிரை மட்டும் மழையை நினைத்து நடுங்குகிறாள். நாவலின் உயிர் இந்த இடத்தில்தான் இருக்கிறது. இப்படி ஒன்று கிடைக்கும்வரை அத்தியாயம் எழுதத் தொடங்காதீர்கள்.

படி 5: உறவும் சட்டமும்

குலத்தை அரசாங்கம் மாதிரி அமைக்க வேண்டியதில்லை. தாய்வழிக் கூட்டம் என்றால் நமக்கு உறவுப் பெயர்கள் தயாராக இருக்கின்றன. அம்மம்மா தலைவி, அடுத்து பெரியம்மா, சின்னம்மா. அப்பா எங்கோ திரிகிறவர், ஓர் அத்தியாயத்தில் வந்துபோகலாம். சட்டங்கள் இரண்டோ மூன்றோ போதும். தண்ணீர் குடிப்பவரின் முதுகில் பாயக் கூடாது. குட்டிகள் இருக்கும் புதர்ப் பக்கம் வேட்டை கூடாது. ஒவ்வொரு சட்டத்தையும் ஒரு நல்லவர் மீறியே ஆகவேண்டிய சூழலை யோசித்து வையுங்கள்.

பெயர்களைக் குளத்திலிருந்தே எடுங்கள். மீன்பிடிப் பூனைகளுக்கு அயிரை, விரால், கெண்டை. காட்டுப்பூனைகளுக்கு நாணல், ஈச்சை. துருப்புள்ளிக் குலத்தின் சுட்டிக்குக் குன்றிமணி. இரண்டு பெயர்கள் ஒரே எழுத்தில் தொடங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், சின்ன வாசகர்கள் குழம்புவார்கள்.

படி 6: முதல் அத்தியாயம்

குலங்களின் வரலாற்றில் தொடங்காதீர்கள். ஒரு பசி, ஒரு மீன், இரண்டு பூனைகள். அயிரை பிடித்த மீனைக் குன்றிமணி மரத்திலிருந்து இறங்கிப் பறித்துக்கொண்டு ஓடுகிறாள். ஆயிரத்து ஐநூறு சொற்களுக்குள் முடியுங்கள். சட்டம், எல்லை, மாயம் எல்லாம் பிறகு, தேவைப்படும்போது தேவைப்படும் அளவுக்கு.

படி 7: சண்டையும் சாவும்

பிள்ளைகள் சாவைத் தாங்குவார்கள், பொய்யைத்தான் தாங்கமாட்டார்கள். இறந்த பாத்திரத்தை அடுத்த அத்தியாயத்தில் எழுப்பிவிடாதீர்கள். ரத்தத்தை விவரிப்பதைவிட, செத்தவரின் மணம் படுக்கையிலிருந்து மெல்ல மங்குவதை எழுதினால் பிள்ளைக்கு இழப்பு புரியும். இன்னொன்று: உண்மையில் பூனைகள் சண்டையைத் தவிர்க்கவே பார்க்கும். நீண்ட உறுமல், முறைப்பு, பின்வாங்கல், பாய்ச்சல் கடைசியில்தான். அந்த முறைப்பை ஒரு பக்கம் இழுங்கள்.

படி 8: வாசித்துக் காட்டுங்கள்

மூன்று அத்தியாயம் முடிந்ததும் எட்டிலிருந்து பன்னிரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குச் சத்தமாக வாசியுங்கள். 'நல்லாயிருக்கா' என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். எந்த வரியில் நெளிகிறார்கள் என்று ஓரத்தில் குறியுங்கள், அங்கே பெரும்பாலும் நீங்கள் எதையோ விளக்கிக்கொண்டிருப்பீர்கள். வாசித்து முடித்ததும் குளத்தின் படத்தை வரையச் சொல்லுங்கள். துருசையும் மருத மரத்தையும் சரியான இடத்தில் வரைந்துவிட்டால் நான்காம் அத்தியாயத்துக்குப் போகலாம். இல்லையென்றால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.